கணக்குப் புத்தகம் யாருடைய கையில்?

கடைக்கு இணையத்தில் இயங்கும் பில் மென்பொருள் ஒன்றைச் செய்யச் சொன்னால், "எந்த மொழியில், எந்த டேட்டாபேஸில் செய்வது?" என்று செய்பவர் கேட்பார். "உங்களுக்கு வசதியானதில் செய்யுங்கள்" என்று நாம் சொல்லி விடுகிறோம். நானும் அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டவன்தான். செய்து தந்த தம்பி வெளிநாடு போய்விட்டார். அவர் பாவித்த மொழி ஊரில் வேறு எவருக்கும் தெரியவில்லை. ஒரு சிறு திருத்தத்துக்காக மூன்று மாதம் மீண்டும் கடன் கொப்பியில் எழுதினோம்.

மொழி என்பது கடையில் வேலை செய்யும் ஆள் போன்றது. டேட்டாபேஸ் கணக்குப் புத்தகம். ஆள் மாறலாம், புத்தகம் தொலையக்கூடாது. ஆகவே முதலில் புத்தகத்தைத் தீர்மானியுங்கள்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் மூன்றைச் சொல்லலாம். 2000ஆம் ஆண்டில் வந்த எஸ்கியூலைட் முழுக் கணக்கையும் ஒரே கோப்பில் வைக்கும். ஒரு கடை, ஒரு கணினி என்றால் அது தாராளமாகப் போதும். ஒரு நேரத்தில் ஒருவரே அதில் எழுதலாம் என்பதால் பல கிளைகள் உள்ளவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு மைஎஸ்கியூஎல் அல்லது போஸ்ட்கிரஸ் நல்லது. மைஎஸ்கியூஎல் 2010இல் ஒரக்கிள் கம்பனியின் கைக்குப் போனது. போஸ்ட்கிரஸ் எந்தத் தனிக் கம்பனிக்கும் சொந்தமானதல்ல.

எதை எடுத்தாலும் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். பில் அடிக்கும்போது மின்சாரம் நின்றால், பில்லும் ஸ்டொக் கழிவும் இரண்டுமே பதிய வேண்டும், அல்லது இரண்டுமே பதியக்கூடாது. அடுத்தது, பணத்தொகையை 'ஃப்ளோட்' வகையில் வைக்கக்கூடாது. 'ஃப்ளோட்' வகையில் 0.1உம் 0.2உம் கூட்டினால் சரியாக 0.3 வராது, சதக்கணக்கு மெல்ல மெல்லப் பிசகும்.

மொழியைப் பொறுத்தவரை, 1995இல் வெளிவந்த பிஎச்பி மலிவான ஹோஸ்டிங்கிலும் ஓடும். பைதன், ஜாவா என்பனவும் குறைந்தவை அல்ல. எது சிறந்தது என்ற வாதம் நமக்கு வேண்டாம். செய்தவர் போனால் எடுத்து நடத்த, கூப்பிடு தூரத்தில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

முற்பணம் கொடுக்குமுன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: மூல நிரலின் பிரதி, உங்கள் பெயரில் டேட்டாபேஸ் கடவுச்சொல், தினமும் வேறோர் இடத்தில் சேரும் பேக்கப். கடைச் சாவியை அடுத்தவர் பையில் வைத்துவிட்டு நாம் வீட்டுக்குப் போவதில்லையே!