ஐந்து நாளில் இலங்கையின் பழந்தலைநகரங்கள்

இலங்கையின் நடுவே அனுராதபுரம், பொலன்னறுவை, கண்டி ஆகிய மூன்று பழைய தலைநகரங்களை முனைகளாகக் கொண்ட நிலப்பகுதிக்குக் 'கலாசார முக்கோணம்' என்று பெயர். 1980-இல் இலங்கை அரசு யுனெஸ்கோவின் துணையோடு இங்கே பெரிய அகழ்வு, பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது வழக்குக்கு வந்த பெயர் அது. சிகிரியாவும் தம்புள்ளையும் இந்த முக்கோணத்துக்குள்ளேயே அடங்குகின்றன. அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா மூன்றும் 1982-லும், கண்டி 1988-லும், தம்புள்ளை 1991-லும் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. எல்லாமே சில மணி நேரச் சாலைப் பயணத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகக்கூடிய தொலைவில் இருப்பதால், ஒரு நாட்டின் ஈராயிரம் ஆண்டு வரலாற்றை நான்கைந்து நாளில் பார்த்துவிட முடிகிற அரிய இடங்களில் இதுவும் ஒன்று.

வழக்கமான ஏற்பாடு எளிமையானது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரு வான் காத்திருக்கும். அதை ஓட்டுபவரே பெரும்பாலும் வழிகாட்டியாகவும் இருப்பார். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு உரிமம் தருகிறது. நாடு முழுவதும் உடன் வருபவர், வண்டியோட்டி வழிகாட்டி, ஒரே இடத்துக்கு மட்டும் உரியவர் என அதில் வகைகள் உண்டு. சிகிரியாவுக்கு வண்டியோட்டி வழிகாட்டி போதும். அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் அந்த இடத்துக்கே உரிய வழிகாட்டி ஒருவரைத் தனியே அமர்த்திக்கொள்வது செலவுக்குத் தக்க பலன் தரும். சொல்ல ஆளில்லாவிட்டால் அந்த இரண்டு ஊர்களிலும் செங்கல் மேடுகளும் கல்தூண்களுமே கண்ணில் படும். சார்க் நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குத் தொல்லியல் இடங்களின் நுழைவுக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. சீட்டு வாங்கும் இடத்தில் கடவுச்சீட்டைக் காட்டிக் கேட்டால்தான் அது கிடைக்கும்.

எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் இத்தகைய குறுகிய சுற்றுலாவில் முதலில் முடிவு செய்ய வேண்டியது. பல நிறுவனங்கள் விடுதி வசதியை நினைத்துக் கண்டியிலிருந்து தொடங்குகின்றன. அதாவது கதையின் கடைசி அத்தியாயம் முதலில் வந்துவிடுகிறது. விமான நிலையத்திலிருந்து நேரே வடக்கே அனுராதபுரம் போய், அங்கிருந்து சிகிரியா, பொலன்னறுவை, தம்புள்ளை வழியாகத் தெற்கே கண்டிக்கு இறங்கினால், ஒவ்வொரு தலைநகரும் ஏன் கைவிடப்பட்டது, அடுத்தது ஏன் எழுந்தது என்பது பெருமளவு காலவரிசையிலேயே விளங்கும். முதல் நாள் நெடும்பயணம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அனுராதபுரம் கி.மு. 4-ஆம் நூற்றாண்டளவில் தலைநகரானது என்பது மரபு. இடையிடையே ஆட்சி கை மாறினாலும் ஏறத்தாழ 1300 ஆண்டுகள் அந்த நிலையிலேயே இருந்தது. மழை குறைந்த வறண்ட சமவெளியில் ஒரு நகரம் அவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணம் குளங்கள். அபய வாவி, திசா வாவி, நுவர வாவி என்று ஊரைச் சுற்றி நீர் தேக்கி வைத்திருந்தார்கள். 5-ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் வெட்டிய கலா வாவியிலிருந்து சுமார் 87 கிலோமீட்டர் நீளக் கால்வாய் ஒன்று நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. அதன் தொடக்கப் பகுதியில் சரிவு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்தான். இன்றைய நில அளவைக் கருவிகள் இல்லாமல் அதை எப்படிச் செய்தார்கள் என்பது பொறியாளர்களை இன்றும் வியக்க வைக்கிறது. வழிகாட்டிகள் தூபிகளில் தொடங்குவார்கள். குளக்கரையில் தொடங்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

தூபிகளில் பழையது தூபாராமம். பெரிய கூட்டத்தை ஈர்ப்பது வெண்ணிறமான ருவன்வெலிசாய. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் துட்டகைமுனு தொடங்கி, அவன் தம்பி சத்தாதிச்சன் முடித்தது. ஆனால் அளவில் எல்லாவற்றையும் மிஞ்சுவது 3-ஆம் நூற்றாண்டு இறுதியில் மகாசேனன் தொடங்கிய ஜேதவனாராமம். 9 கோடிக்கும் மேற்பட்ட செங்கற்கள் அதில் சென்றிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் சுமார் 122 மீட்டர் உயரம். அன்றைய உலகில் எகிப்தின் இரண்டு பெரிய பிரமிடுகளுக்கு அடுத்த உயரமான கட்டடம் என்று சொல்லப்படுகிறது. இப்போது எஞ்சியிருப்பது ஏறத்தாழ 71 மீட்டர். 5-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சீனத் துறவி பாகியான் இரண்டு ஆண்டுகள் தங்கி நூல்களைப் படியெடுத்த அபயகிரி விகாரையும் இந்நகரில்தான் இருக்கிறது. அங்கே இருக்கும் இரட்டைப் பொய்கையில் தண்ணீர் நேரே விழாது. சிறு கல்தொட்டிகளில் வண்டல் படிந்து தெளிந்த பிறகே குளத்துக்குள் செல்லும்.

சங்கமித்தை கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் புத்தகயையிலிருந்து கொண்டுவந்த கிளையிலிருந்து வளர்ந்ததாகப் போற்றப்படும் அரச மரம் ஸ்ரீ மகாபோதி. பொன்முலாம் பூசிய தாங்குகம்பங்கள் அதன் கிளைகளைத் தாங்கி நிற்கின்றன. இங்கே யாரும் சுற்றுலாப் பயணி மட்டுமாக இருக்க முடியாது. செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். நண்பகலில் கல்தரை கொதிக்கும் என்பதால் காலுறையோடு நடப்பவர்கள் பலர். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுத்துக்கொள்வது பெரிய அவமதிப்பு. பௌர்ணமி நாளான போயா அன்று கூட்டம் அலைமோதும். ஜூன் மாதப் போசன் போயாவில் அருகிலுள்ள மிகிந்தலை மலையின் 1840 படிகளும் வெள்ளுடை பக்தர்களால் நிறைந்துவிடும்.

அனுராதபுரத்தில் தமிழ் வாசகருக்குத் தெரிந்த பெயர் ஒன்று உண்டு. தமிழ் மன்னன் எல்லாளன் இங்கிருந்து 44 ஆண்டுகள் ஆண்டதாக வரலாற்று நூலான மகாவம்சம் கூறுகிறது. அவனை வென்ற துட்டகைமுனுவின் புகழ் பாடும் நூல்தான் அது. ஆனாலும் எல்லாளன் நண்பன், பகைவன் என்று பாராமல் நீதி வழங்கினான் என்று எழுதத் தயங்கவில்லை. தேரில் அடிபட்டுச் செத்த கன்றுக்காகத் தாய்ப்பசு ஆராய்ச்சி மணி அடிக்க, மன்னன் தன் மகனையே தண்டித்த கதை தமிழில் மனுநீதிச் சோழனுடையது, மகாவம்சத்தில் எல்லாளனுடையது. வென்றவனே தோற்றவனுக்கு நினைவிடம் எழுப்பி, அவ்வழியே போவோர் மரியாதை செய்ய ஆணையிட்டான் என்றும் நூல் சொல்கிறது. நகரின் தெற்கே உள்ள தக்கிண தூபியை அந்தச் சமாதி என்று நெடுங்காலம் நம்பினார்கள். அது ஒரு பௌத்தத் தூபி என்று தொல்லியலாளர்கள் பின்னர் விளக்கினார்கள். எல்லாளனைப் பற்றி எல்லா வழிகாட்டிகளும் தாமாகப் பேசுவதில்லை. கேட்டால் சொல்வார்கள்.

சிகிரியாவின் கதை கலா வாவியில் தொடங்குகிறது. அந்தக் குளத்தை வெட்டிய தாதுசேனனை அவன் மகன் காசியப்பன் சிறைபிடித்து, செல்வம் எங்கே என்று கேட்டானாம். குளத்து நீரைக் கையில் அள்ளிக் காட்டி, தன்னுடைய செல்வம் இவ்வளவுதான் என்றானாம் தந்தை. அவனைச் சுவருக்குள் உயிரோடு வைத்துப் பூசிக் கொன்றார்கள் என்கிறது வரலாற்று நூல். உரிமையுள்ள இளவரசன் முகலான் இந்தியாவுக்குத் தப்பினான். காசியப்பன் 477 முதல் 495 வரை சிகிரியாப் பாறையைத் தலைநகராக்கி ஆண்டான். சமவெளியிலிருந்து ஏறத்தாழ 180 மீட்டர் செங்குத்தாக எழும் பாறை அது. முகலான் படையோடு திரும்பியபோது காசியப்பன் தோற்று, தற்கொலை செய்துகொண்டான். பயந்தவன் கட்டிய கோட்டை என்பது வழிகாட்டிகளின் விருப்பமான முடிவு. கீழே விரிந்திருக்கும் தோட்டங்களைப் பார்த்தால் அந்த முடிவு பாதி உண்மையாகத்தான் தோன்றும்; அஞ்சி ஒளிந்தவன் இவ்வளவு அழகுக்கு நேரம் ஒதுக்கியிருக்க மாட்டான். சமச்சீராக அமைந்த நீர்த்தோட்டங்களில் உள்ள ஊற்றுகள், நிலத்தடிக் குழாய்களின் நீரழுத்தத்தால் மழைக்காலத்தில் இப்போதும் பீறிடுகின்றன.

ஏறுவதற்குச் சுமார் 1200 படிகள். காலை கதவு திறந்ததும் தொடங்கிவிட்டால் வெயிலும் கூட்டமும் தொல்லை தராது. பாதி உயரத்தில், பாறைக் குடைவில், மேகத்திலிருந்து எழுவதுபோல் இடைக்கு மேல் தீட்டப்பட்ட பெண்களின் ஓவியங்கள் உள்ளன. இருபது சொச்சம் உருவங்களே எஞ்சியிருக்கின்றன. 1967-இல் விஷமிகள் சிலவற்றின் மேல் சாயத்தைப் பூசிச் சிதைத்தார்கள், பின்னர் சீர்செய்யப்பட்டன. அங்கே படம் எடுக்க அனுமதி இல்லை. அதற்கு அடுத்தாற்போல் வருவது கண்ணாடிச் சுவர். ஒரு காலத்தில் முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றப்பட்டிருந்தது. காசியப்பனுக்குப் பின் பல நூற்றாண்டுகளாக வந்துபோன பார்வையாளர்கள் அதில் ஓவியப் பெண்களை வியந்து பாடல்கள் கீறிவைத்தார்கள். தொல்லியல் அறிஞர் சேனரத் பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்து 1956-இல் நூலாக வெளியிட்டார். சிங்கள மொழியின் பழைய வடிவத்துக்கு இன்று அவை முதன்மைச் சான்று. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சிகிரியா சுற்றுலாத் தலமாக இருந்ததற்கும் அதுவே சான்று. இன்று அந்தச் சுவரில் நகக்கீறல் விழுந்தாலும் தண்டனைதான்.

உச்சிக்குப் போகும் கடைசிப் படிவரிசை இரண்டு பெரிய சிங்கப் பாதங்களுக்கு நடுவே தொடங்குகிறது. சிங்கத்தின் தலையும் உடலும் என்றோ இடிந்துவிட்டன. மேலே அரண்மனையின் அடித்தளமும் பாறையில் வெட்டிய குளமும் இருக்கின்றன. பாறையில் பெரிய குளவிக்கூடுகள் இருப்பதால் சத்தம் போடாதீர்கள் என்ற எச்சரிக்கையை அலட்சியம் செய்யக்கூடாது.

சிகிரியாவிலிருந்து பொலன்னறுவைக்குப் போகும் வழியில் மின்னேரியா வாவி வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் நீர் வற்றும்போது முளைக்கும் புல்லுக்காக நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே திரளும். அதை வெட்டியவனும் ஜேதவனாராமத்தின் மகாசேனனே.

பொலன்னறுவை தலைநகரானதற்குச் சோழர்களே காரணம். 993-ஐ ஒட்டி முதலாம் இராசராசனின் படை அனுராதபுரத்தை அழித்தது. வென்ற பகுதியைப் பொலன்னறுவையிலிருந்து ஆண்டார்கள்; ஊருக்குச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். 1017-இல் இராசேந்திரன் காலத்தில் சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டான். 1070-இல் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றினான். ஆனால் தலைநகரைப் பழைய இடத்துக்கு மாற்றவில்லை. சோழர் விட்டுச்சென்றவற்றில் முழுமையாக நிற்பது வானவன்மாதேவி ஈசுவரம் என்ற கற்கோயில். இராசேந்திரனின் தாய் பெயரைக் கொண்ட அதன் விமானம் சிகரம் வரை சிதையாமல் இருக்கிறது. தஞ்சை வட்டாரத்துச் சிறிய சிவன் கோயில்களைப் பார்த்தவருக்கு அந்தக் கட்டட முறை புதிதாகத் தெரியாது. இங்கே அகழ்ந்தெடுத்த நடராசர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டுள்ளன. சோழர் போன பிறகும் தமிழ் இந்நகரில் வழங்கியது. புத்தரின் பல் வைக்கப்பட்டிருந்த கோயிலைக் காப்போம் என்று வேளைக்காரப் படையினர் உறுதி சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அந்த வளாகத்திலேயே நிற்கிறது. சிங்கள பௌத்த அரசின் புனிதச் சின்னத்துக்குத் தமிழ் வீரர்கள் காவல். இன்றைய பிரிவினைகளை வைத்து அந்தக் காலத்தைப் படிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கல் அங்கே வேறு இல்லை.

நகரின் உச்சகாலம் முதலாம் பராக்கிரமபாகுவின் ஆட்சி (1153–1186). மழைநீரில் ஒரு துளியும் வீணாகக் கடலில் கலக்கக்கூடாது என்று அவன் எண்ணியதாக நூல் கூறும். அவன் பெயரைக் கொண்ட பராக்கிரம சமுத்திரம் என்ற பெரிய ஏரியின் நீர் இன்றும் வயல்களுக்குப் பாய்கிறது. பின்னர் வந்த நிசங்கமல்லன் தன் பெருமையை எழுத ஏறத்தாழ 25 டன் எடையுள்ள பாறையை மிகிந்தலையிலிருந்து கொண்டுவரச் செய்தான்; 'கல் பொத்த' என்னும் அந்தக் கல் புத்தகம் வட்டதாகே என்னும் வட்டக் கோயிலின் அருகில் கிடக்கிறது. கல் விகாரையில் ஒரே பாறையில் செதுக்கிய நான்கு புத்தர் உருவங்கள் உள்ளன. சயன நிலைச் சிலை 14 மீட்டர். அதன் பாதங்கள் சற்றே முன்பின்னாக இருப்பது உறக்கத்தைக் காட்டாமல் பரிநிர்வாணத்தைக் காட்டுவது. இடம் பரந்தது என்பதால் மிதிவண்டியில் சுற்றுவது சுகம். வாடகைக்குக் கிடைக்கும்.

1215-இல் கலிங்க மாகனின் படையெடுப்போடு பொலன்னறுவை சரிந்தது. குளங்களைப் பராமரிக்க ஆளில்லாமல் வறண்ட பகுதியை மக்கள் விட்டார்கள். மலேரியாவும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். அரசுகள் தென்மேற்குக்கும், பின்னர் மலைநாட்டுக்கும் நகர்ந்தன.

தெற்கே திரும்பும் வழியில் தம்புள்ளைக் குகைகள். பகைவருக்கு அஞ்சி இங்கே மறைந்திருந்த மன்னன் வட்டகாமினி அபயன் கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் நன்றியாக அமைத்தவை என்பது மரபு. ஐந்து குகைகள், 150-க்கும் மேற்பட்ட புத்தர் சிலைகள். இன்று தெரியும் ஓவியங்களில் பெரும்பகுதி 18-ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தவை. ஒரு மணி நேரம் போதும்.

கண்டிக்குள் நுழையும் முன் வண்டி வாசனைப் பொருள் தோட்டம், ரத்தினக் கடை என்று ஓரிரு இடங்களில் நிற்கும். வண்டியோட்டிக்குத் தரகு கிடைக்கும் இடங்கள் அவை. வேண்டாம் என்றால் புறப்படும் அன்றே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது. மாலைப் பூசைக்குள் தலதா மாளிகைக்குப் போய்ச் சேர்வதுதான் முக்கியம். புத்தரின் பல்லினை வைத்துள்ள பேழையைப் பூசை வேளைகளில்தான் தொலைவிலிருந்து பார்க்க முடியும். பல்லை வைத்திருப்பவனே ஆளும் உரிமை உடையவன் என்ற நம்பிக்கை இருந்ததால், தலைநகர் மாறும்போதெல்லாம் அதுவும் மாறியது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கடற்கரையைப் பிடித்த பின்னும் கண்டி தனியரசாக நின்றது. 1739 முதல் அதை ஆண்டவர்கள் மதுரையோடு மணவுறவு கொண்ட நாயக்கர் வழியினர். அவர்களில் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனே மாளிகையின் எண்கோண மண்டபத்தையும், முன்னால் உள்ள ஏரியையும் அமைத்தவன். 1815 மார்ச் 2-இல் கண்டித் தலைவர்கள் அரசை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்து ஒப்பந்தம் செய்தார்கள். மன்னன் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு 1832-இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுக்கு முத்து மண்டபம் இருக்கிறது.

கண்டியிலிருந்து விமான நிலையம் மூன்று, நான்கு மணி நேரம். போகும் வழியில் பேராதனைத் தாவரவியல் பூங்கா. இன்னும் ஒரு நாள் கையிலிருப்பவர்கள் கலா வாவிக்கு அருகே பாறையில் செதுக்கிய அவுக்கண புத்தரையும், 13-ஆம் நூற்றாண்டில் சிறிது காலம் தலைநகராக இருந்த யாப்பகூவையும் சேர்த்துக்கொள்ளலாம். காலியின் ஒல்லாந்தர் கோட்டையையும் இதே பயணத்தில் அடைத்துவிடப் பார்ப்பவர்கள் பெரும்பாலான நேரத்தை வண்டிக்குள்ளேயே கழிப்பார்கள். அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்வதே சரி.