கப்பல் பட்டாளத்தில் 10 வருஷம். பென்ஷனுக்கு 40 வருஷம்!
மாலுமிகள் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது என்ன?

சங்கரன்கோவில்:-
கடலுக்கும் சங்கரன்கோவிலுக்கும் வெகுதூரம். ஆனாலும் இந்தக் கரிசல் பூமியிலும் "கப்பல் பட்டாளம்" என்றால் ஒரு தனி மவுசுதான். காரணம், பென்ஷன்! ஆனால் 10 வருஷம் உழைத்தும் அந்தப் பென்ஷன் கிடைக்காமல் வெறுங்கையோடு ஊர் திரும்பிய மாலுமிகளின் கதை பலருக்குத் தெரியாது.

கணக்கு இதுதான்

கடற்படை மாலுமிக்குப் பென்ஷன் கிடைக்க 15 வருஷம் சர்வீஸ் வேண்டும். பழைய ஏற்பாடு வேறு. 10 வருஷம் கப்பல் வேலை. அப்புறம் 10 வருஷம் "ரிசர்வ்" பட்டியல். வீட்டில் இருக்கலாம், யுத்தம் வந்து கூப்பிட்டால் ஓட வேண்டும். இரண்டும் முடிந்தால் ரிசர்வ் பென்ஷன்.

விழுந்தது இடி!

3-7-1976 முதல் ரிசர்வ் பட்டியலில் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. பழைய ஒப்பந்தத்தில் சேர்ந்து, அதற்குப் பிறகு 10 வருஷம் முடித்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ரிசர்வும் இல்லை, 15 வருஷமும் இல்லை. பிறகு பென்ஷன் ஏது?

டி.எஸ்.தாஸ் என்ற மாலுமியின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 27-10-2016ல் தீர்ப்பு வந்தது. "ரிசர்வ் பென்ஷன் கிடையாது" என்று கோர்ட்டு கைவிரித்தது. ஆனால் இன்னொரு கதவைத் திறந்தது. தானாக விலகாமல், ரிசர்வ் நிறுத்தப்பட்டதாலேயே சேர முடியாமல் போனவர்களுக்கு 1964ம் ஆண்டு கடற்படை பென்ஷன் விதி 95ன் கீழ் "விசேஷ பென்ஷன்" உண்டு என்று சொன்னது.

அதற்குள் 40 வருஷம் ஓடிவிட்டது. அன்று மீசை அரும்பிய வயதில் கப்பலேறியவர்கள் இன்று 70ஐத் தாண்டிய தாத்தாக்கள்!

மெடலும் மரியாதையும்

9, 20, 30 வருஷம் என்று நீண்ட சேவைக்குத் தனித்தனி மெடல் உண்டு. மூத்த மாலுமிகள் சிலருக்கு கவுரவ அதிகாரி பதவியும் தருகிறார்கள். ஆனால் மெடலைக் காட்டினால் மளிகைக் கடையில் அரிசி தருவார்களா?

யாரைப் பார்ப்பது?

இந்த வகையில் வருபவர்கள் டிஸ்சார்ஜ் சான்றிதழோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். வழக்கு என்றால் ஆயுதப்படை தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது.

2022ல் வந்த "அக்னிவீர்" திட்டத்தில் சர்வீஸ் 4 வருஷம்தான். முடிவில் மொத்தப் பணம் உண்டு, பென்ஷன் இல்லை. நிரந்தர வேலை 100க்கு 25 பேர் வரைதான். கப்பலேறத் துடிக்கும் தம்பிகளே, கையெழுத்துப் போடும் முன் நிபந்தனையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்!