கருக்கலைப்பு: அச்சமும் அறிவும்

எங்கள் ஊரில் ‘கலைப்பு’ என்ற சொல்லைப் பெண்கள் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். அந்நாளில் எருக்கங்குச்சியால் உயிரிழந்தவர்களின் கதைகளை என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று குச்சி போய் மாத்திரை வந்துவிட்டது. அச்சம் மட்டும் போகவில்லை. சென்ற ஆண்டு எங்கள் தெரு அக்கா ஒருவர், மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரையைத் தின்றுவிட்டுப் பத்து நாள் உதிரப்போக்கை மறைத்துக் கிடந்தார். அரும்பாடுபட்டுப் பிழைத்தார். “போலீஸ் கேசாகிவிடுமோன்னு பயந்துட்டேன்டி” என்றார். அச்சொல்லே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

சட்டம் என்ன சொல்கிறது? 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது. சாந்திலால் ஷா குழு 1966இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் பிறந்தது. உடல்நலக் கேடு, மனநலக் கேடு, வன்புணர்ச்சி, கருத்தடை முறை தவறுதல், கருவின் கடுங்குறைபாடு ஆகியவற்றைச் சட்டம் ஏற்கிறது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்து வேண்டும். பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளது சம்மதமே போதும். கணவன் கையெழுத்துத் தேவையில்லை. மணமாகாதவர்க்கும் 24 வாரம் வரை இவ்வுரிமை உண்டென 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவள் பெயரை மருத்துவர் வெளியிடுவதும் குற்றமே.

அப்படியாயின் ஆபத்து எங்கே? தகுதி பெற்ற மருத்துவரிடம் உரிய காலத்தில் செய்துகொண்டால் ஆபத்து மிகக் குறைவு. மிஃபெப்ரிஸ்டோன், கருவைத் தாங்கும் புரோஜெஸ்டரோன் என்னும் ஹார்மோனின் செயலைத் தடுக்கிறது. மிசோபிரோஸ்டால் கருப்பையைச் சுருங்கச் செய்து கருவை வெளியேற்றுகிறது. நம் நாட்டில் இவ்விரு மாத்திரைகளும் சேர்ந்த பொதி 9 வாரம் வரைக்கே அனுமதிக்கப்பட்டது. காலம் கடந்தால் உறிஞ்சு கருவி முதலிய முறைகளை மருத்துவர் கையாள்வார்.

மருத்துவர் முதலில் வாரத்தையும் கரு தங்கிய இடத்தையும் பார்ப்பது ஏன்? கரு சினைக்குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது; குழாய் வெடித்து வயிற்றுக்குள் உதிரம் பெருகி உயிரையே பறிக்கும். கருப்பையில் எச்சம் தங்கினால் நோய்க்கிருமி தொற்றும். மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலும், காய்ச்சலோ மயக்கமோ கடும் வயிற்றுவலியோ கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

என் தாய்க்கு எழுத்தறிவு இல்லை. இதையெல்லாம் நான் படித்துச் சொன்னதும், “இது அப்பவே தெரிஞ்சிருந்தா அவ அவ்வளவு நாள் மறைச்சிருக்க மாட்டாளே” என்றார். நண்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது உங்கள் தெருவில் ஒருவருக்கேனும் இதைச் சொல்லுங்கள்.