வாடை போனால் கிருமி போகுமா?

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மாவட்டத்தில் பக்ஸ்டன் என்றொரு ஊர். அங்கே தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அரசு ஆய்வகம் ஒன்று இருக்கிறது. அந்த ஆய்வகத்தில் கேத்தரின் மேகிசன் பூத் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் விசித்திரமான ஒரு பொம்மையைச் செய்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'வாமிட்டிங் லாரி'. வாய் திறந்த ஒரு தலை, வயிற்றுக்குப் பதிலாக ஓர் உருளை, அதிலிருக்கும் திரவத்தை அழுத்தி வெளியே தள்ளும் பொறி, அவ்வளவுதான். லாரியின் ஒரே வேலை வாந்தி எடுப்பது.

திரவத்தில் புற ஊதா ஒளி பட்டால் ஒளிரும் சாயத்தைக் கலந்திருந்தார்கள். லாரி வாந்தி எடுத்ததும் சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் முன்னால் ஒரு குட்டை தெரியும், சுற்றிலும் கொஞ்சம் தெறிப்பு தெரியும். விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கைப் போட்டதும் படம் மாறியது. துளிகள் 3 மீட்டருக்கும் அப்பால் போய் விழுந்திருந்தன. மொத்தத்தில் 7.8 சதுர மீட்டர் தரை அசுத்தமாகியிருந்தது. 2014-ல் வெளியான இந்த முடிவின் சாரம் எளியது. நாம் துடைப்பது கண்ணுக்குத் தெரிந்த இடத்தை மட்டும்தான்.

நடு ராத்திரியில் குழந்தை மெத்தையிலோ கம்பளத்திலோ வாந்தி எடுத்துவிட்டால் பெற்றவர்களின் தலையில் இரண்டு வேலைகள் ஒன்றாக விழுகின்றன. ஒன்று, நாற்றத்தைப் போக்குவது. மற்றொன்று, கிருமியைப் போக்குவது. இரண்டும் ஒரே வேலை என்று நினைத்துத்தான் நாம் துடைக்கிறோம், டெட்டால் தெளிக்கிறோம், சாம்பிராணி போடுகிறோம். உண்மையில் இவை தனித்தனி வேலைகள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி, காரின் தரைக் கம்பளத்தில் வாந்தி எடுத்த குழந்தையிடம் நோய்க்கிருமி எதுவும் இல்லை. வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாகப் படுத்திருக்கும் குழந்தையிடம் கோடிக்கணக்கில் இருக்கலாம். மூக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த வாடை எங்கிருந்து வருகிறது?

வயிற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். தொண்டை எரிவதும் பல் கூசுவதும் அதனால்தான். ஆனால் மூக்கைத் துளைக்கும் அந்த வாடைக்குப் பெரும்பங்கு காரணம் பியூட்ரிக் அமிலம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷேல் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலர் வெண்ணெயை ஆராயும்போது அடையாளம் கண்ட பொருள் இது. பழைய நெய் காறிப்போய் வீசும் வாடையில் இருப்பதும் இதுவே. பால் கொழுப்பில் பியூட்ரிக் அமிலம் மற்ற கொழுப்பு அமிலங்களைப் போலவே கிளிசராலோடு கட்டுண்டு கிடக்கிறது. அப்போது அதற்கு வாடை இல்லை. வயிற்றில் சுரக்கும் லிப்பேஸ் என்ற நொதி கொழுப்பை உடைக்கும்போது அது விடுபட்டு ஆவியாகிறது. பால் குடித்த குழந்தையின் வாந்தி மற்றதைவிட மோசமாக நாறுவதும், துடைக்காமல் விட்ட துளி மறுநாள் இன்னும் அதிகமாக நாறுவதும் இதனால்தான். ஈரம் இருக்கும்வரை நொதியும் பாக்டீரியாவும் மீந்த கொழுப்பை உடைத்துக்கொண்டே இருக்கும்.

இந்த வாடையில் மனசுக்கும் பங்கு உண்டு. 2001-ல் ரேச்சல் ஹெர்ஸ், ஜூலியா வான் கிளெஃப் என்ற இரு ஆய்வாளர்கள் பியூட்ரிக் அமிலத்தையும் அதன் உறவான ஐசோவலெரிக் அமிலத்தையும் கலந்து பலரிடம் முகரக் கொடுத்தார்கள். 'பார்மசான் சீஸ்' என்று சொல்லிக் கொடுத்தபோது ரசித்தவர்கள், அதே கலவையை 'வாந்தி' என்று சொல்லிக் கொடுத்ததும் முகம் சுளித்தார்கள். ஆக, சுத்தம் செய்தவரின் மூக்கை நம்ப முடியாது. நடந்தது தெரிந்திருப்பதால் இல்லாத வாடையும் அடிப்பதாகத் தோன்றும். அதே அறையில் வெகுநேரம் இருந்து மூக்கு பழகிவிட்டால் இருக்கிற வாடையும் தெரியாது. வெளியே போய்விட்டு வருபவரைக் கேட்பதே சரி.

கம்பளம் ஏன் விடாது?

சிமெண்ட் தரையிலோ டைல்ஸிலோ கொட்டினால் வழித்து அலசிவிடலாம். கம்பளம் அப்படியல்ல. மேலே இருப்பது நூல் முடிச்சுகள், அதன் கீழே பசையோடு கூடிய பின்துணி, அதற்கும் கீழே மெத்தென்ற அடுக்கு. காரின் தரைக் கம்பளத்துக்குக் கீழேயும் இப்படியோர் அடுக்கு இருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தைக்கும் ஃபோம் மெத்தைக்கும் இதே கதைதான். திரவம் நூலின் வழியாக இறங்கி அடியில் தேங்குகிறது. மேலே துடைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது மேற்பரப்பு காய்கிறது. காய்ந்த நூல் அடியிலிருக்கும் ஈரத்தை மேலே இழுக்கிறது. மறுநாள் அதே இடத்தில் கறை திரும்பி வருவதற்குக் காரணம் இதுதான். மழைக்காலத்தில் வாடை மீண்டும் தலைதூக்குவதற்கும் காரணம் இந்த நூலில்தான் இருக்கிறது. காற்றின் ஈரம் நூலில் ஒட்டியிருக்கும் வாடை மூலக்கூறுகளை இடம்பெயர்த்து வெளியே அனுப்புகிறது. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது.

முதல் சில நிமிடங்கள்

நாற்றத்தோடு நடக்கும் சண்டையில் பாதி, வேதிப்பொருள் எதையும் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. காலாவதியான ஏ.டி.எம். கார்டு ஒன்றை எடுத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்து அள்ள வேண்டும். நடுவிலிருந்து வெளியே தள்ளினால் கறை பெரிதாகும். பிறகு பழைய பருத்தி வேட்டியை மடித்து வைத்து அழுத்த வேண்டும், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நூல் பிரிந்து திரவம் ஆழமாக இறங்கும். துணி ஈரமானதும் காய்ந்த பக்கத்தைத் திருப்பி மறுபடி அழுத்த வேண்டும். துணியில் ஈரம் ஏறுவது நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும்.

கழுவுவதற்கு முதலில் பச்சைத் தண்ணீரே நல்லது. வெந்நீர் பட்டால் பாலிலும் முட்டையிலும் உள்ள புரதம், வேகவைத்த முட்டை போலக் கெட்டிப்பட்டு நூலில் பிடித்துக்கொள்ளும். தண்ணீரையும் கொஞ்சமாகத்தான் தெளிக்க வேண்டும். வாளியோடு ஊற்றினால் மேலே இருந்ததையெல்லாம் நாமே அடியடுக்குக்கு அனுப்பிவைக்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளை வாந்தி எடுத்தால் ஆயா மண்ணை அள்ளிப் போடுவார். கிராமத்து வீட்டில் அடுப்புச் சாம்பலைத் தூவுவார்கள். இரண்டும் ஈரத்தை உறிஞ்சி, அள்ளுவதற்கு வாகாக ஆக்கிவிடும். சாம்பல் கூடுதலாக இன்னொரு வேலையும் செய்கிறது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அது காரம். அமிலத்தை முறிக்கும். ஆனால் சாம்பலைக் கம்பளத்தில் போட்டால் கறையாகிவிடும். அங்கே அதன் வேலையைச் செய்ய ஆப்ப சோடா இருக்கிறது.

சோடாவா, வினிகரா?

பியூட்ரிக் அமிலம் ஆவியானால்தான் நாறும். ஆப்ப சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், அதோடு சேர்ந்தால் சோடியம் பியூட்ரேட் என்ற உப்பாகிவிடுகிறது. உப்பு ஆவியாகாது, அதனால் மூக்குக்கு எட்டாது. ஈரமான இடத்தில் சோடாவைத் தாராளமாகத் தூவி, சில மணி நேரம் விட்டு, காய்ந்ததும் வழித்து எடுக்கலாம். வாஷிங் சோடாவை இதற்குப் பதிலாகப் போடக் கூடாது. அது கடுமையான காரம், கம்பளியைக் கெடுத்துவிடும்.

வினிகரையும் எலுமிச்சையையும் பலர் சொல்வார்கள். இரண்டுமே அமிலம். அமில வாடையின் மேல் அமிலத்தை ஊற்றுவதால் முறிப்பு எதுவும் நடக்காது, ஒரு வாசனை மற்றதைக் கொஞ்ச நேரம் மறைக்கும், அவ்வளவே. சோடா போட்ட இடத்தில் வினிகரை ஊற்றினால் நுரை பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. வினிகர் அதிகமானால் உப்பாக அடங்கியிருந்த பியூட்ரேட் மறுபடி அமிலமாகி வாடையைக் கிளப்பும். வினிகருக்கு இடம் வேறு. குழந்தை படுக்கையில் சிறுநீர் கழித்து நாளானால், பாக்டீரியா யூரியாவை உடைத்து அமோனியாவை உண்டாக்கும். அமோனியா காரம். அதை முறிக்க நீர்த்த வினிகர் உதவும்.

நொதிகளின் உதவி

சோடா வாடையை அடக்கும், ஆனால் நூலில் ஒட்டிய கொழுப்பையும் புரதத்தையும் உடைக்காது. அதற்கு நொதி கலந்த துப்புரவுத் திரவங்கள் கிடைக்கின்றன. புரதத்துக்குப் புரோட்டியேஸ், கொழுப்புக்கு லிப்பேஸ், மாவுச்சத்துக்கு அமைலேஸ். அழுக்கைப் போக்க நொதியைப் பயன்படுத்தும் யோசனை ஜெர்மானிய வேதியியலர் ஓட்டோ ரோமுடையது. அக்காலத்தில் தோலைப் பதனிடும்போது அதை மிருதுவாக்க நாய்க் கழிவைப் பயன்படுத்தி வந்தார்கள். அதன் வேலையைக் கணைய நொதிகள் செய்யும் என்று ரோம் கண்டுபிடித்தார். தோலில் புரதத்தை உடைப்பது துணியிலும் உடைக்குமே என்று யோசித்து, 1913-ல் துணி துவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 'பர்னஸ்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

நொதிக்கு அவசரம் ஆகாது. ஈரத்தோடு சில மணி நேரம் இருந்தால்தான் வேலை நடக்கும். தெளித்த ஐந்தாவது நிமிடத்தில் துடைத்துவிட்டால் காசு வீண். கொதிநீரும் பிளீச்சும் நொதியைச் செயலிழக்க வைக்கும். கம்பளியும் பட்டும் புரதத்தால் ஆனவை, புரோட்டியேஸ் அவற்றையும் அரிக்கும் என்பதால் காஷ்மீர்க் கம்பளத்தில் இந்த வித்தை வேண்டாம். பவானி ஜமுக்காளத்துக்கும், காரின் செயற்கை இழைக் கம்பளத்துக்கும் பயமில்லை. ஓரத்தில் சின்ன இடத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். எல்லாம் முடிந்து கம்பளத்தை உலர விடும்போது, கறை இருந்த இடத்தில் மடித்த காய்ந்த துணியை வைத்து அதன்மேல் கனமான எதையாவது வைத்தால் அடியிலிருந்து ஏறும் ஈரம் துணிக்குப் போய்விடும்.

வாசனை ஸ்ப்ரேக்களில் பெரும்பாலானவை வாடையை மறைப்பவை. 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் பரவலாக விற்பனைக்கு வந்த ஃபெப்ரீஸ் கொஞ்சம் வேறு ரகம். மாவுச்சத்திலிருந்து எடுக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளைய மூலக்கூறு அதில் இருக்கிறது. வளையத்தின் நடுக்குழியில் வாடை மூலக்கூறு போய் அமர்ந்துகொள்ளும், ஆவியாகாது. ஆனால் அழுக்கு அங்கேயேதான் இருக்கும். அதனால் கழுவிய பிறகு மீந்த வாடைக்குத்தான் இது ஏற்றது.

இனி கிருமி

இதுவரை சொன்ன எதுவும் வைரஸைக் கொல்வதற்கானது அல்ல. கார்ப் பயணத்து வாந்திக்கு இதுவே போதும். வயிற்றுப்போக்கோடு வந்த வாந்தி என்றால் இன்னொரு கட்டம் இருக்கிறது.

1968-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து நார்வாக் என்ற ஊரில் ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளும் ஆசிரியர்களுமாகப் பலர் ஒரே சமயத்தில் வாந்தி எடுத்தார்கள். அங்கே சேகரித்த மாதிரியில் 1972-ல் ஆல்பர்ட் கபிகியான் என்ற ஆய்வாளர் எலக்ட்ரான் நுண்ணோக்கி மூலம் ஒரு வைரஸைக் கண்டார். இன்று அதை நோரோவைரஸ் என்கிறோம். ஒருவரை நோயாளியாக்க 20-க்கும் குறைவான துகள்கள் போதும் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. 1999 ஜனவரியில் வேல்ஸ் நாட்டு இசை அரங்கம் ஒன்றில் ஒருவர் வாந்தி எடுத்தார். மறுநாள் அங்கே வந்த 15 பள்ளிக் குழுக்களில் 8 குழுக்களில் பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் வந்தவர்களையும் சேர்த்தால் 300-க்கு மேல். அரங்கத்தைச் சுத்தம் செய்யாமல் இல்லை. செய்த சுத்தம் வைரஸுக்குப் போதவில்லை.

அதனால்தான் வாந்தி காய்ந்துவிட்டதே என்று வாக்குவம் கிளீனரைப் போடக் கூடாது. அது துகள்களைக் காற்றில் பரப்பும். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த சானிடைசரும் இங்கே கைகொடுக்காது. கொரோனா வைரஸின் கொழுப்பு உறையை ஆல்கஹால் கரைத்துவிடும். நோரோவைரஸுக்கு அந்த உறையே கிடையாது. கையுறையும் முகக்கவசமும் போட்டு அள்ளிவிட்டு, கடைசியில் சோப்புப் போட்டுக் குறைந்தது 20 விநாடி கை கழுவுவதே வழி.

டைல்ஸ் தரையில் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தால், அதாவது பிளீச்சால், கிருமியை நீக்கலாம். முதலில் அழுக்கை எடுத்துவிட்டு, 1 லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 100 மில்லி வரை கலந்து தடவி, 5 நிமிடமாவது ஊற விட வேண்டும். லாரியின் 3 மீட்டரை நினைவில் வைத்து, கறையைச் சுற்றிலும் அகலமாகத் துடைக்க வேண்டும். பிளீச்சை வினிகரோடோ அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தோடோ சேர்த்தால் குளோரின் வாயு வரும். சிறுநீர் கிடக்கும் இடத்தில் ஊற்றினால் குளோரமைன் வாயு வரும். இரண்டும் நுரையீரலைப் பாதிப்பவை.

கம்பளத்தில் பிளீச் ஊற்றினால் சாயம் போய்விடும். அங்கே நீராவிதான். கழுவி முடித்த இடத்தை நீராவிக் கருவியால் 70 டிகிரி செல்சியஸில் 5 நிமிடமோ, 100 டிகிரியில் 1 நிமிடமோ சூடாக்க வேண்டும் என்பது பரிந்துரை. நொதித் திரவம் தன் வேலையை முடித்த பிறகே நீராவி வர வேண்டும். வரிசை மாறினால் புரதம் கெட்டிப்படும், நொதியும் வீணாகும். போர்வை, உடுப்புகளை உதறாமல் சுருட்டி, தனியாக, துணி தாங்கும் அளவுக்குச் சூடான நீரில் துவைக்கலாம். ஃபோம் மெத்தையின் உள்ளே வரை ஊறிவிட்டது என்றால் அதைக் கழித்துவிடுவதே மேல்.

வாந்தி நின்ற பிறகும் குழந்தையின் மலத்தில் நோரோவைரஸ் 2 வாரமோ அதற்கு மேலோ வெளியேறிக்கொண்டிருக்கலாம். அறிகுறி நின்று 48 மணி நேரமாவது குழந்தையை வீட்டில் வைத்திருக்கச் சொல்வது அதனால்தான். அறையில் வாடையே இல்லை என்று மறுநாள் காலையிலேயே பையைத் தோளில் மாட்டி அனுப்பினால், நம் வீட்டுக் கம்பளத்தில் முடித்த அதே வேலையை வகுப்பறையில் அந்த ஆயா முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.