மேகத்தில் ஏற்றக் கூடாத கோப்புறைகள்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லைக்கு அருகே, சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும், அதே வட்டத்தைச் சேர்ந்த தேர்வாய் கண்டிகையிலும், திருவள்ளூர் நகரை அடுத்த காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையிலும், இரும்பு உருக்காலைகள் முதல் நான்கைந்து லேத்துகளை மட்டுமே வைத்து ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகள் வரை பலவகைத் தொழிற்கூடங்கள் இயங்குகின்றன. அவற்றின் வேலை இரும்பிலும் அலுமினியத்திலும் நடந்தாலும், கஸ்டமர் அனுப்பும் டிராயிங், சிஎன்சி எந்திரத்துக்கான புரோகிராம், டெலிவரி சலான், டேலிக் கணக்கு, தொழிலாளரின் பிஎஃப், இஎஸ்ஐ ஆவணங்கள் ஆகிய அனைத்தும் இன்று கணினிக் கோப்புகளாகவே உள்ளன. அக்கோப்புகளைக் கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற மேகச் சேமிப்புச் சேவைகளிடம் ஒப்படைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்னும் எண்ணம் பரவலாக இருக்கிறது. எதை ஒப்படைக்கலாம் என்று யோசிக்கும் அளவுக்கு, எதை ஒப்படைக்கக் கூடாது என்று யாரும் யோசிப்பதில்லை. ஒரு கூடத்தின் கோப்புகள் பிழைத்திருப்பதும் அழிவதும் பலமுறை இந்த இரண்டாம் கேள்வியைப் பொறுத்தே அமைகின்றன.

ஒத்திசைவு நடக்கும் முறை

மேகச் சேமிப்பு என்பது, வேறொரு நிறுவனம் தொலைவில் நடத்தும் சர்வர்களில் இணையத்தின் வழியாகப் பெறும் இடமாகும். அந்த இடத்தையும் மேசைமேல் உள்ள கணினியையும் எப்போதும் ஒரே நிலையில் வைத்திருக்கும் பணிக்கு ஒத்திசைவு என்று பெயர். அலுவலகப் பேச்சில் இதுவே 'சிங்க்' எனப்படுகிறது. 2007-இல் தொடங்கப்பட்ட டிராப்பாக்ஸ் இம்முறையை எளியோரிடம் கொண்டு சேர்த்தது; கூகுள் டிரைவ் 2012 ஏப்ரலில் வெளிவந்தது. கணினியில் இயங்கும் ஒரு சிறு மென்பொருள், தன்னிடம் ஒப்படைத்த கோப்புறையை இடைவிடாமல் கவனித்து, ஒரு கோப்பு மாறியவுடன் அந்த மாற்றத்தைச் சர்வருக்கு அனுப்புகிறது. டிராப்பாக்ஸ் ஒவ்வொரு கோப்பையும் 4 எம்பி அளவுள்ள துண்டுகளாகப் பிரித்து, மாறிய துண்டுகளை மட்டும் ஏற்றுகிறது. அதே கணக்கில் இணைந்துள்ள மற்றக் கணினிகள் அந்த மாற்றத்தைச் சர்வரிடமிருந்து இறக்கிக்கொள்கின்றன.

இம்முறையின் வலிமையும் ஆபத்தும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. புதிதாக எழுதியதை எப்படி எல்லாக் கணினிக்கும் கொண்டு செல்கிறதோ, அப்படியே அழித்ததையும் கெட்டுப்போனதையும் கொண்டு செல்வது ஒத்திசைவின் இயல்பு. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரல் ஒரு கணினியில் புகுந்தால், பூட்டப்பட்ட கோப்புகளே 'புதிய மாற்றம்' என்ற பெயரில் மேலே ஏறிவிடும். கூகுள் டிரைவ் தன் குப்பைத்தொட்டியில் அழித்த கோப்பை 30 நாள் வரை வைத்திருக்கிறது என்றாலும், ஆண்டு முடிவில் தேடும்போதுதான் காணவில்லை என்று தெரியவரும் டிராயிங்குக்கு அந்தக் கெடு போதாது. ஆகவே ஒத்திசைவையும் காப்புப்பிரதியையும் வெவ்வேறாகக் கொள்வதே இந்த விஷயத்தில் முதற்பாடம். பேக்கப் என்று வழங்கும் காப்புப்பிரதி, மூலக்கோப்பு மாறினாலும் தான் மாறாமல் நிற்க வேண்டியது.

எவற்றை விலக்க வேண்டும்

முதலில் விலக்க வேண்டியது, கணக்கு மென்பொருள் நாள் முழுவதும் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கும் நேரடித் தரவுக் கோப்புறை. டேலியில் ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கும் எண்ணால் பெயரிட்ட ஒரு தனிக் கோப்புறையில், ஒன்றையொன்று சார்ந்த பல கோப்புகளாக இருக்கிறது. கணக்கர் ஒரு வவுச்சரைப் பதிந்தவுடன் அவற்றுள் சில கோப்புகள் சேர்ந்தே மாறுகின்றன. ஒத்திசைவு மென்பொருளுக்கு இந்தச் சார்பு தெரியாது. அது கோப்புகளை ஒவ்வொன்றாகவே ஏற்றுகிறது. ஒன்று ஏறி மற்றொன்று ஏறுவதற்குள் மின்சாரமோ இணைய இணைப்போ துண்டிக்கப்பட்டால், சர்வரில் இருப்பது பாதி பழையதும் பாதி புதியதுமான, எந்த நேரத்துக்கும் உரியதல்லாத ஒரு கணக்கு. இதைவிடக் கொடுமையான நிலை, உரிமையாளர் வீட்டிலும் கணக்கர் அலுவலகத்திலும் ஒரே நேரத்தில் அக்கணக்கைத் திறந்து பதிவதால் உண்டாவது. எந்தப் பதிப்பு சரி என்று தீர்மானிக்க முடியாத சேவை, இரண்டில் ஒன்றைப் பெயர் மாற்றி முரண்பட்ட நகலாக ஒதுக்கி வைக்கிறது. மென்பொருளோ தனக்குத் தெரிந்த பெயருள்ள கோப்பை மட்டுமே படிப்பதால், ஒதுக்கப்பட்ட நகலில் உள்ள பதிவுகள் யார் கண்ணிலும் படாமல் போகின்றன. எனவே நேரடித் தரவை ஒத்திசைவுக்கு வெளியே வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் டேலியின் பேக்கப் வசதி உருவாக்கித் தரும் கோப்பை மட்டும், தேதியிட்ட கோப்புறையில் மேகத்துக்கு அனுப்புவதே ஏற்ற வழி.

இரண்டாவது, டிராயிங் கோப்புறையில் தோன்றி மறையும் துணைக்கோப்புகள். ஆட்டோகேடில் டிடபிள்யூஜி வகை டிராயிங் ஒன்றைத் திறந்தவுடன், அது யாரிடம் திறந்திருக்கிறது என்பதைக் குறிக்கும் டிடபிள்யூஎல் என்னும் பூட்டுக்கோப்பு அதே இடத்தில் உண்டாகி, டிராயிங்கை மூடியதும் மறைகிறது. சேமிக்கும்போது முந்தைய நிலை பிஏகே என்னும் கோப்பாகப் பக்கத்தில் தங்குகிறது. இவை அந்தக் கணினிக்கு மட்டும் பயன்படுபவை என்பதால் மேலே ஏற வேண்டிய தேவையில்லை. ஒரே அலுவலகத்தின் பொதுச் சர்வரில் ஒருவர் திறந்த டிராயிங்கை மற்றவர் திருத்த முடியாமல் பூட்டு தடுக்கும். ஒத்திசைவிலோ ஒவ்வொரு கணினியும் தன்னிடமுள்ள சொந்த நகலைத் திறப்பதால், அந்தப் பூட்டை நம்பியிருக்க முடியாது. இருவர் ஒரே டிராயிங்கைத் திருத்தி, பழைய ரெவிஷனுக்குரிய அளவு எந்திரத்துக்குப் போய்விட்டால், இழப்பு கணினியோடு நிற்பதில்லை. கடைந்தெடுத்த உருப்படிகள் கஸ்டமரின் இன்ஸ்பெக்‌ஷனில் ரிஜெக்ட் ஆகி, மூலப்பொருளும் கூலியும் சேர்ந்தே வீணாகின்றன.

மூன்றாவது, பருமனால் விலக்க வேண்டியவை: சிசிடிவி பதிவுகள், மென்பொருள் நிறுவல் கோப்புகள், பழைய கணினிகளின் முழு நகல்கள் முதலியன. விநாடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் திறனுள்ள இணைப்பில், வேறு எந்தப் பயன்பாடும் இல்லாத நிலையிலும், 10 ஜிபி ஏறுவதற்கு இரண்டே கால் மணி நேரம் ஆகும். அந்நேரத்தில் இ-வே பில் எடுக்க முயல்பவரின் கணினி தடுமாறும். இடமும் எல்லைக்குட்பட்டது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி, டிரைவுக்கு மட்டுமன்றி ஜிமெயிலுக்கும் புகைப்படங்களுக்கும் பொதுவானது என்பதால், கேமராப் பதிவுகள் அந்த இடத்தை நிரப்பிவிட்டால் அக்கணக்குக்கு வரும் மின்னஞ்சல்களும் தடைப்படுகின்றன. பர்ச்சேஸ் ஆர்டரை ஜிமெயிலில் எதிர்பார்த்திருக்கும் பட்டறைக்கு இது நேரடியான தொழில் இழப்பு.

நான்காவது, பிறர் நம்பி ஒப்படைத்தவை. கஸ்டமரின் டிராயிங்குகள் பெரும்பாலும் ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தோடு வருகின்றன. அவை ஊழியர் ஒருவரின் சொந்தக் கணக்கில் ஏறினால், அவர் வேலையை விட்டு நின்ற பிறகும் அவரிடமே இருக்கும். வடமாநிலங்களிலிருந்து வந்து உழைப்பவர்களின் ஆதார் நகலும் வங்கிப் பாஸ்புக் பக்கமும் ஸ்கேன் செய்த கோப்புறையும் இவ்வகையில் சேரும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய தரவைத் தக்க பாதுகாப்போடு வைத்திருக்கும் கடமையைத் தரவை வைத்திருப்பவர்மீது சுமத்துகிறது. சட்டம் இல்லாவிட்டாலும், கூலிக்கு வந்தவர் நம்பிக் கொடுத்த ஆவணத்தைப் பலர் திறக்கும் பொதுக் கணக்கில் போட்டுவைப்பது முறையாகாது.

சேவைக்குச் சேவை மாறும் அமைப்புகள்

ஒரு கோப்புறையை விலக்கும் வசதி எல்லாச் சேவைகளிலும் ஒரே விளைவைத் தருவதில்லை. கோப்புகளை இழப்பவர்களில் பலர் இந்த வேறுபாட்டை அறியாமலேயே இழக்கிறார்கள். டிராப்பாக்ஸில் 2010-இல் அறிமுகமான தெரிவு ஒத்திசைவு, ஒரு கோப்புறையைக் கணினியிலிருந்து நீக்கி மேகத்தில் மட்டும் வைக்கிறது. ஒன்டிரைவில் கோப்புறைகளைத் தெரிவுசெய்யும் பட்டியலில் ஒன்றின் குறியை எடுத்தாலும் இதுவே நடக்கிறது. அதாவது, 'இது மேலே போக வேண்டாம்' என்று எண்ணிக் குறியை எடுப்பவர், உண்மையில் 'இது கீழே இருக்க வேண்டாம்' என்றே கட்டளையிடுகிறார்.

கணினியில் இருந்தபடியே மேலே ஏறாமல் தடுக்கும் வசதி வேறு. டிராப்பாக்ஸில் ஒரு கோப்புறைக்குப் புறக்கணிப்புக் குறி இடலாம். அப்போது அது அந்தக் கணினியில் தங்கி, சர்வரிலிருந்தும் இணைந்துள்ள மற்றக் கணினிகளிலிருந்தும் நீங்கிவிடும். ஆகவே மற்றக் கணினியில் அதை நம்பி வேலை செய்பவர் இருந்தால் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆப்பிளின் ஐகிளவுடில் கோப்புறைப் பெயரின் இறுதியில் புள்ளியிட்டு 'நோசிங்க்' என்று சேர்த்தால் அது ஏறாது. நெக்ஸ்ட்கிளவுட், சிங்க்திங் ஆகிய திறமூல மென்பொருள்களில், பிஏகே போன்ற கோப்பு வகைகளை ஒரு பட்டியலில் எழுதிவைத்து ஒரேயடியாக விலக்கலாம். ஒன்டிரைவில் கோப்பு வகையால் விலக்கும் வசதி, நிறுவனக் கணினிகளை நிர்வகிப்பவர் இடும் கொள்கை அமைப்பின் வழியாகக் கிடைக்கிறது.

எல்லாச் சேவைக்கும் பொருந்தும் எளிய வழி, விலக்க வேண்டியதை ஒத்திசைவுக் கோப்புறைக்கு வெளியே, டி டிரைவில் தனியாக வைப்பது. இதில் டெஸ்க்டாப் மட்டும் எச்சரிக்கைக்குரியது. புதிய விண்டோஸ் கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைபவர்களுக்கு டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவை ஒன்டிரைவோடு தாமாகவே இணைந்துவிடுவது உண்டு. அவசரத்துக்கு டெஸ்க்டாப்பில் டிராயிங்கைப் போட்டுவைக்கும் பழக்கம் உள்ள அலுவலகத்தில், இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபி விரைவில் நிரம்பி, ஒத்திசைவு நின்றுபோனதே தெரியாமல் வேலை தொடரும்.

விலக்கியதற்கு வேறு காவல்

மேகத்திலிருந்து விலக்கப்பட்ட கோப்புறைக்கு வேறு காப்பு இல்லையென்றால், விலக்கியதால் ஆபத்து இடம் மாறியதே தவிர நீங்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த மழையிலும் சென்னையும் அதன் சுற்றுவட்டாரத் தொழிற்பேட்டைகளும் நீரில் மூழ்கின. கணினியும் அதன் காப்புப்பிரதி உள்ள ஹார்ட் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்று கணினித் துறையினர் சொல்லும் விதி இப்பகுதிக்கு மிகப் பொருந்தும்.

சட்டமும் இதைக் கேட்கிறது. கம்பெனிகள் சட்டத்தின் கீழ்ப் பதிவான நிறுவனங்கள், மின்னணு வடிவில் வைத்துள்ள கணக்குகளின் காப்புப்பிரதியை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் நாள்தோறும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பேண வேண்டும். கோப்பு எந்த நாட்டுச் சர்வரில் தங்குகிறது என்பதைத் தெரிவுசெய்ய இடந்தராத இலவசக் கணக்கைக் கொண்டு இக்கடமைகள் நிறைவேறிவிட்டதாகக் கொள்ள முடியாது.

இம்மாற்றத்தைச் செய்ய முனையும் கூடம், முதலில் ஒத்திசைவை நிறுத்திவைத்து, உரிய கோப்புறையை வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்று பார்த்த பின்னரே மூலத்தை இடம் மாற்றவோ அமைப்பைத் திருத்தவோ வேண்டும். அதற்கும் முன்பாக, இழந்தாலும் பாதகமில்லாத ஒரு கோப்புறையை வைத்து அந்தச் சேவை எப்படி நடந்துகொள்கிறது என்று சோதிப்பது நல்லது. விலக்கியவை எவை, அவற்றின் காப்புப்பிரதி எங்கே, அதை எடுக்கும் பொறுப்பு யாருடையது என்பன எழுத்தில் இருக்க வேண்டும். ஏனெனில் அமைத்தவர் வேலை மாறிய பின் வருபவருக்கு, விலக்கப்பட்ட கோப்புறை ஒன்று உண்டு என்பதே தெரியாமல் போகும். பெரிய ஆலைகளுக்கு இதைக் கவனிக்கத் தனித் துறை உண்டு. கணக்கரே கணினிப் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கும் சிறு பட்டறைக்கு அது கிடையாது. ஆகவே இந்த அறிவு அந்தக் கணக்கரிடமும் அவருடைய உரிமையாளரிடமும் போய்ச் சேர வேண்டும். கணினி வாங்கும் நாளிலேயே எது மேலே போகும், எது கீழே தங்கும், கீழே தங்குவதற்கு யார் காவல் என்று தீர்மானித்துவிடும் பட்டறை, வெள்ளம் வந்தாலும் தீநிரல் புகுந்தாலும் மறுவாரம் வேலையைத் தொடங்கும் நிலையில் இருக்கும்.