செவ்வாயில் உயிர் இருந்ததா? தடயம் ரெடி... கொண்டுவரத்தான் வண்டி இல்லை!

சிவந்த பாறை. நீளம் சுமார் ஒரு மீட்டர். அதன்மேல் சிறுத்தைத் தோலில் இருப்பதுபோல் புள்ளிகள். 2024 ஜூலையில் நாசாவின் பெர்சவரன்ஸ் ரோவர் செவ்வாயில் கண்ட இந்தப் பாறைக்கு ‘செயாவா ஃபால்ஸ்’ என்று பெயர். அங்கே ஒருகாலத்தில் நுண்ணுயிர்கள் வாழ்ந்திருக்கலாம் என்பதற்கு இதுவரை கிடைத்தவற்றில் முக்கியமான தடயம் இதுதான்.

அப்படி என்ன இருக்கு அந்தப் புள்ளியில?

ரோவர் இறங்கிய ஜெசெரோ பள்ளம், 350 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏரி. அந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஆற்றின் தடத்தில்தான் இந்தப் பாறை கிடக்கிறது. களிமண் படிந்து இறுகிய பாறை. உள்ளே கரிமப் பொருட்களும் உண்டு. புள்ளிகளில் இருப்பவை விவியனைட், கிரெய்கைட் எனும் இரும்புத் தாதுக்கள் என்று ரோவரின் கருவிகள் காட்டின.

நாம் சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். சில பாக்டீரியாக்களோ இரும்பையும் சல்பேட்டையும் வைத்தே காலத்தை ஓட்டிவிடும். பூமியில் அப்படி அவை வாழ்ந்த சேற்றில் இதே தாதுக்கள் உருவாவதுண்டு. ஆனால், உயிரே இல்லாமல் வெறும் வேதிவினையாலும் இவை உருவாக முடியும். அதனால்தான் 2025 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு, ‘உயிர் இருந்ததற்கான சாத்தியமான அடையாளம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது.

ரோவரே டெஸ்ட் பண்ணி சொல்லிடலாமே?

அந்த ஆசை 1976-லேயே சூடுபட்டுவிட்டது. வைக்கிங் விண்கலங்கள் செவ்வாய் மண்ணில் சத்துக் கரைசலை ஊற்றிப் பார்த்தன. உயிர் இருந்தால் வர வேண்டிய வாயு வந்தது! ஆனால், அதே விண்கலத்தின் இன்னொரு கருவி, மண்ணில் கரிமப் பொருளே இல்லை என்றது. மண்ணில் உள்ள பெர்குளோரேட் என்ற உப்பு கணக்கைக் குழப்பியிருக்கலாம் என்ற சந்தேகம், 2008-ல் ஃபீனிக்ஸ் விண்கலம் அதைக் கண்டுபிடித்த பிறகுதான் எழுந்தது.

எனவே பெர்சவரன்ஸின் வேலை தீர்ப்பு சொல்வதல்ல, சாட்சியைப் பத்திரப்படுத்துவது. செயாவா ஃபால்ஸிலிருந்து சாக்பீஸ் அளவுக்கு ஒரு துண்டைக் குடைந்து, குழாயில் போட்டு சீல் வைத்துவிட்டது. பெயர் ‘சபையர் கேன்யன்’. இதன் ஐசோடோப்புகளைத் துல்லியமாக அளக்கும் இயந்திரங்கள் ரோவருக்குள் அடங்காது. பூமியின் ஆய்வகங்களில்தான் இருக்கின்றன.

சிக்கல் இங்கேதான்

மாதிரிகளைக் கொண்டுவரும் திட்டத்துக்கு 1,100 கோடி டாலர் வரை ஆகலாம், 2040 வரை இழுக்கலாம் என்று 2024-ல் நாசாவே கைவிரித்தது. மறுவருடம் ட்ரம்ப் அரசின் பட்ஜெட் முன்மொழிவு, திட்டத்தையே நிறுத்தச் சொன்னது. இடையில் சீனா, 2028 வாக்கில் தியான்வென்-3 விண்கலத்தை அனுப்பி, 2031 வாக்கில் செவ்வாய் மண்ணைப் பூமிக்குக் கொண்டுவரத் தயாராகிறது. ஆனால், அது வேறு இடத்து மண். சிறுத்தைப் புள்ளிப் பாறையின் துண்டு, இப்போதைக்கு ரோவரின் வயிற்றுக்குள்தான்.