மேலே ஏறும் பாராசூட்



21.10.2023 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ககன்யான் சோதனை ராக்கெட் விட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? மேலே போன கூண்டு, உள்ளே ஆள் இல்லாமல், பாராசூட்டில் தொங்கியபடி கடலில் இறங்கியது. கடற்படையினர் அதை மீட்டு வந்தார்கள். டி.வி.யில் பார்த்த என் தம்பி, "ஏன்க்கா, பாராசூட் கீழேதான் வருமா? மேலே ஏறாதா?" என்று கேட்டான். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

மேலே ஏறும் பாராசூட்டும் உண்டு! அதற்கு எஞ்சின் பாராசூட் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் உட்காரலாம்.

இறக்கை: குடை மாதிரி இருக்கும் பாராசூட் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் காத்தாடியும் பலூனும் செய்துவந்த டொமினா ஜால்பர்ட் என்பவர் 1964இல் வேறு மாதிரி யோசித்தார். தலையணை உறையின் வாயைக் காற்றுக்கு எதிரே பிடித்தால் உப்பும் இல்லையா? அப்படிப் பல உறைகளை வரிசையாகச் சேர்த்துத் தைத்தது போன்றது அவருடைய துணி. முன்பக்கம் திறந்திருக்கும், பின்பக்கம் மூடியிருக்கும். உள்ளே காற்று புகுந்ததும் அது பறவை இறக்கை போல வளைந்துகொள்ளும். முன்னே நகரும்போது காற்றைக் கீழே தள்ளும், காற்று அதை மேலே தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதிதான் இது.

வண்டி: கீழே மூன்று சக்கர வண்டி, கயிறுகளில் தொங்கும். கொத்தனாரின் தூக்குக்குண்டு போல, எடை கீழே இருப்பதால் ஆடினாலும் தானாக நேராகிவிடும். ஓட்டுபவர் முன்னால், இன்னொருவர் பின்னால். பின்சீட்டை எடை மையத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அதனால் இரண்டாவது ஆள் ஏறினாலும் இறங்கினாலும் மூக்கு அதிகம் தூக்காது.

எஞ்சினும் விசிறியும் பின்னால் இருக்கும். விசிறியைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. எதற்கு? நம்ம போட் விசிறியில் வலை சிக்கினால் என்ன ஆகும்? அதேபோல் கயிறு சிக்கக் கூடாது என்றுதான்.

ஓட்டுவது: துணியைத் தரையில் விரித்து, காற்றுக்கு எதிரே வண்டியை ஓட்டினால் அது உப்பித் தலைக்கு மேலே எழும். எஞ்சினைக் கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும். வலது காலால் கட்டையை மிதித்தால் துணியின் வலது பின்விளிம்பு கீழே இழுபடும், வண்டி வலது பக்கம் திரும்பும். எஞ்சின் நின்றுபோனாலும் கல் மாதிரி விழாது, மெதுவாக மிதந்து இறங்கும்.

குறையும் உண்டு. ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் போகும், மணிக்கு 50 கி.மீ. சுமார். வாடைக்காற்று பலமாக எதிரே அடித்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். தண்ணீரில் இறங்கினால் கயிறு சுற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

இதை ஏன் எழுதினேன் தெரியுமா? போன வருஷம் முகத்துவாரத்தில் எங்கள் போட் மணல் மேட்டில் தட்டிச் சாய்ந்தது. அப்பா நீந்திக் கரையேறினார், வலை போயிற்று. "மணல் தினமும் இடம் மாறுது பாப்பா. மேலேர்ந்து பாத்தா வழி தெரியும், கீழேர்ந்து எப்படித் தெரியும்?" என்றார். இரண்டு சீட் வண்டி அதற்குத்தானே? ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பார்க்கலாம்.

ராக்கெட் தளம் பக்கத்தில் இருப்பதால் இங்கே நினைத்தபடி பறக்க முடியாது. அனுமதி வேண்டும். எஞ்சின் சத்தத்தில் பூநாரைகளும் கலைந்துவிடும். அதையும் யோசிக்கணும். ஆனாலும் ஒருநாள் நான் முன்சீட்டில் உட்காருவேன். பின்சீட் அப்பாவுக்கு. எனக்கு ஓட்டத் தெரிந்தாலும், தண்ணீரைப் பார்த்து வழி சொல்ல அவருக்குத்தான் தெரியும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி